பளு நீங்கினால் தசை மெலியும்: விண்வெளி வீரரும் படுக்கை நோயாளியும்

2025 மார்ச் மாதம் விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸும் அவருடன் சென்ற புட்ச் வில்மோரும் 286 நாள்கள் விண்வெளியில் தங்கியபின் பூமிக்குத் திரும்பினர். அக்காட்சியை உங்களில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். கடலில் இறங்கிய கலத்திலிருந்து வெளியே வந்த அவர்கள் நடந்து செல்லவில்லை. சக்கரப் படுக்கையில் சாய்த்து மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். நீண்ட பயணம் முடித்துத் திரும்பும் எல்லா வீரர்களுக்கும் பின்பற்றப்படும் முறை அது. அவர்கள் நோயுற்றவர்கள் அல்லர், உடற்பயிற்சியில் தேர்ந்தவர்கள். அத்தகையோர் தம் காலில் நிற்பதற்கு ஏன் துணை வேண்டும்?

எங்கள் பிரிவுகளில் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் வேறொரு கேள்வியும் உண்டு. "நுரையீரல் தொற்றுக்குத்தானே சேர்த்தோம்? அது குணமாகிவிட்டது என்கிறீர்கள். காலில் ஒரு குறையும் இல்லையே, அப்பாவால் ஏன் எழுந்து நிற்க முடியவில்லை?" இவ்விரு கேள்விகளுக்கும் உரிய விடையில் பெரும்பகுதி ஒன்றே. பளுவைத் தாங்கும் வேலை நின்றுவிட்டால் தசை மெலிகிறது, வலுவும் குறைகிறது. விண்வெளியில் எடையின்மையால் நிகழ்வது, இங்கே நாள்கணக்கில் படுத்திருப்பதால் நிகழ்கிறது. விண்வெளி ஆய்வுகள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்துவைத்த அறிவிலிருந்து, படுக்கையில் இருக்கும் நோயாளிக்குப் பயன்படக்கூடியவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எடையின்மை என்றால் என்ன?

விண்வெளியில் புவியீர்ப்பு விசையே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். பன்னாட்டு விண்வெளி நிலையம் பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகிறது. அந்த உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. எனினும் அங்கே மிதக்கிறார்கள். காரணம், அந்நிலையமும் அதனுள் இருப்பவர்களும் ஒருசேர விழுந்துகொண்டே இருக்கின்றனர்.

கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிறு அறுந்து வாளி விழுவதாக எண்ணிப் பாருங்கள். வாளிக்குள் ஒரு கல் கிடந்தால், விழும் அந்தக் கணங்களில் வாளியும் கல்லும் ஒரே வேகத்தில் கீழிறங்கும். கல் வாளியின் அடியை அழுத்தாது. விண்வெளி நிலையமும் அவ்வாறே விழுகிறது. ஆனால் பக்கவாட்டில் மிகுந்த வேகத்துடன் செல்வதால் தரையைத் தொடாமல், ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வந்துகொண்டே விழுகிறது. உள்ளே இருப்பவரின் பாதம் எதையும் அழுத்துவதில்லை. முதுகெலும்பு தலையின் பாரத்தைச் சுமப்பதில்லை. உடலைத் தாங்கும் வேலை முழுவதும் தசைகளிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது.

எந்தத் தசைகள் முதலில் மெலிகின்றன?

எலும்புகளோடு இணைந்து, நம் விருப்பப்படி இயங்கும் தசைகளை எலும்புத் தசைகள் என்கிறோம். வளர்ந்த ஒருவரின் உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இவையே. இவற்றுள் சில, நாம் உணராமலே நாள் முழுவதும் உழைக்கின்றன. நாம் நிற்கும்போது உடலின் பாரம் கணுக்காலுக்குச் சற்று முன்பாக விழுகிறது. முன்னோக்கிச் சாய்ந்து விழாமல் நம்மைப் பிடித்து நிறுத்துபவை கெண்டைக்கால் தசைகள். முழங்கால் மடங்கிவிடாமல் காப்பவை தொடையின் முன்புறத் தசைகள். உடலை நிமிர்த்தி வைப்பவை முதுகுத் தசைகளும் இடுப்புத் தசைகளும். புவியீர்ப்பை எதிர்த்து ஓயாமல் வேலை செய்வதால், அவ்வேலை நின்றவுடன் முதலில் மெலிபவையும் இவைதாம்.

கைத் தசைகளின் நிலை வேறு. விண்வெளி வீரர் கைப்பிடிகளைப் பற்றித் தம்மை இழுத்துக்கொண்டே நகர்வதால் கைகளுக்கு ஓரளவு வேலை இருக்கிறது. படுக்கையில் இருப்பவரும் கைகளால் தம்ளரைப் பிடிக்கிறார், போர்வையை இழுக்கிறார், கைப்பேசியை எடுக்கிறார். கால்களுக்கோ வேலையே இல்லை. "கையில் நல்ல பிடி இருக்கிறதே, கால்தான் தளர்ந்துவிட்டது" என்று குடும்பத்தினர் வியப்பதற்கு ஒரு காரணம் இது. (உடலின் ஒரு பக்கம் மட்டும் திடீரெனத் தளர்ந்தால் அது வேறு செய்தி, பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். உடனே செவிலியரிடம் கூறுங்கள்.)

தசைக்குள் நிகழ்வது என்ன?

தசையைக் கட்டிடச் சுவர் போல ஒருமுறை எழுப்பி முடித்த ஒன்றாகக் கருதலாகாது. அது ஏரியைப் போன்றது. வரத்துக்கால் வழியே நீர் வந்துகொண்டும், மதகு வழியே போய்க்கொண்டும் இருக்க, நீர்மட்டம் மாறாமல் நிற்பதுபோல், தசையின் புரதம் ஒவ்வொரு நாளும் புதிதாக உருவாகிக்கொண்டும் சிதைந்துகொண்டும் இருக்கிறது. பளுவைத் தாங்கும்போது தசை இழைகளில் ஏற்படும் இழுவிசையே, புரதத்தை உருவாக்கும் வேலைக்கு முதன்மையான தூண்டுதல். அந்த இழுவிசை இல்லாதபோது வரத்து குறைகிறது. மதகு வழியே போவதோ தொடர்கிறது. ஆகவே மட்டம் இறங்குகிறது.

இதனுடன் வேறு இரண்டு மாற்றங்களும் நிகழ்கின்றன. முதலாவது, தசை இழைகளின் இயல்பு மாறுகிறது. நெடுநேரம் சோர்வின்றி உழைக்கக்கூடிய மெதுவான இழைகள் மெலிந்து, விரைவில் களைத்துப்போகும் வேக இழைகளின் இயல்பை மெல்ல மெல்ல அடைகின்றன. இரண்டாவது, மூளையும் நரம்பும் தசைக்கு ஆணையிடும் திறனில் குறைவு ஏற்படுகிறது. அதனால்தான் தசையின் பருமன் குறைவதைக் காட்டிலும் அதன் வலு கூடுதலாகக் குறைகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் தங்கிய ஒன்பது வீரர்களைக் குறித்து 2009-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவர்களது கெண்டைக்கால் தசையின் கன அளவு சராசரியாக 13 விழுக்காடு குறைந்திருந்தது. அதன் உச்சத் திறனோ 32 விழுக்காடு குறைந்திருந்தது. இத்தனைக்கும் அவர்கள் அங்கே உடற்பயிற்சி செய்துவந்தவர்கள்.

தசையோடு எலும்பும் பாதிக்கப்படுகிறது. போதிய பயிற்சி இல்லாவிடில், விண்வெளியில் இடுப்புப் பகுதி எலும்பின் அடர்த்தி மாதத்திற்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறைகிறது. ரத்த ஓட்டமும் நிற்கும் நிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் பழக்கத்தை இழக்கிறது. எழுந்தவுடன் தலைசுற்றல் வருவது இதனால்தான். விண்வெளி வீரர்களுக்கு உட்காதிலுள்ள சமநிலை உறுப்பும் குழம்பிப் போகிறது. அவர்களைச் சக்கரப் படுக்கையில் அழைத்துச் செல்வதற்கு இவை எல்லாமே காரணங்கள்.

விண்வெளிப் பயணங்கள் கற்றுத்தந்தவை

1970 ஜூன் மாதத்தில் சோவியத் வீரர்களான ஆந்திரியான் நிக்கோலாயேவும் விட்டாலி செவஸ்தியானோவும் சோயுஸ் 9 கலத்தில் ஏறத்தாழ 18 நாள்கள் பயணம் செய்தனர். அந்நாளில் அதுவே மிக நீண்ட விண்வெளிப் பயணம். இடநெருக்கடி மிகுந்த கலம். உடல் அசைவுக்கு வாய்ப்புக் குறைவு. தரையிறங்கிய பின்னர் அவர்களால் பிறர் துணையின்றி நடக்க இயலவில்லை. மனித உடல் நீண்டகால எடையின்மையைத் தாங்குமா என்ற ஐயம் அப்போது வலுவாக எழுந்தது.

அடுத்து 1973-இலும் 1974-இலும் அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையத்தில் மூன்று குழுக்கள் முறையே 28, 59, 84 நாள்கள் தங்கின. முதற்குழுவுக்கு இருந்த பயிற்சிக் கருவி, நிலையாகப் பொருத்திய மிதிவண்டி மட்டுமே. அது இதயத்திற்கு நன்மை செய்தது. கால் தசைகளுக்குப் போதிய பளுவைத் தரவில்லை. இரண்டாம் குழுவுக்குக் கயிற்றை இழுத்துச் செய்யும் பயிற்சிக் கருவி சேர்க்கப்பட்டது. மூன்றாம் குழுவுக்கு, மருத்துவரும் விண்வெளி வீரருமான வில்லியம் தார்ன்டன் உருவாக்கிய எளிய நடைப்பயிற்சித் தளமும் கிடைத்தது. மீள்தன்மை கொண்ட பட்டைகள் உடலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க, அத்தளத்தின்மீது நடக்கவேண்டும். பயிற்சி நேரமும் அரை மணியிலிருந்து ஒரு மணியாகவும், பின்னர் ஒன்றரை மணியாகவும் உயர்ந்தது. முடிவு வியப்பூட்டியது. மிக அதிக நாள்கள் தங்கிய மூன்றாம் குழுவினரே கால் வலுவை மிகக் குறைவாக இழந்திருந்தனர். இழப்பைத் தீர்மானிப்பது நாள்களின் எண்ணிக்கை மட்டுமன்று, அந்நாள்களில் கால்கள் என்ன செய்தன என்பதும்தான் என்று அன்று தெளிவாயிற்று.

இதற்கு இன்னும் வலுவான சான்று ரஷ்ய மருத்துவர் வலேரி பொல்யாகோவ். 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை மிர் நிலையத்தில் அவர் தொடர்ந்து 437 நாள்கள் தங்கினார். நாள்தோறும் முறையாகப் பயிற்சி செய்தார். தரையிறங்கிய பிறகு, தம்மைத் தூக்கிச் செல்ல விடாமல், கலத்தின் அருகே போடப்பட்டிருந்த நாற்காலிக்குத் தாமே நடந்து சென்றார். 18 நாள்களுக்குப்பின் நடக்க இயலாதவர்களையும், 437 நாள்களுக்குப்பின் சில அடிகள் நடந்தவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களின் அன்றாட வேலைத் திட்டத்தில் உடற்பயிற்சிக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. கருவியை அமைத்தல், உடல் துடைத்தல் ஆகியவையும் அதில் அடக்கம். இடுப்பிலும் தோளிலும் வார்களைக் கட்டிக்கொண்டு ஓடும் டிரெட்மில் உண்டு. 2007 ஏப்ரலில் சுனிதா வில்லியம்ஸ் பாஸ்டன் மாரத்தானை விண்வெளியிலிருந்தே ஓடி முடித்தது அத்தகைய கருவியில்தான். 2008-இல் அனுப்பப்பட்ட எதிர்ப்புப் பயிற்சிக் கருவி, வெற்றிட உருளைகளின் துணையால் 270 கிலோகிராம் அளவுக்குப் பளுவை அளிக்கக்கூடியது. அதில் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியையும் செய்கின்றனர்.

2025 ஜூன், ஜூலை மாதங்களில் அந்நிலையத்தில் தங்கிய இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா மேற்கொண்ட ஆய்வுகளுள் ஒன்று தசையைப் பற்றியது. விண்வெளிச் சூழலில் தசை மீண்டும் உருவாவதில் ஊட்டப்பொருள்கள் துணைசெய்யுமா என்பதை அறியப் பெங்களூரிலுள்ள இன்ஸ்டெம் நிறுவனம் வகுத்த ஆய்வு அது. இத்தகைய முயற்சிகள் தொடர்கின்றன. எனினும், பளுவைத் தாங்கும் பயிற்சிக்கு ஈடான மருந்து எதுவும் இன்று வழக்கமான சிகிச்சையில் இல்லை.

பூமியில் ஒரு விண்வெளி: படுக்கை

எடையின்மையின் விளைவுகளைப் பூமியிலேயே ஆராய விரும்பும் அறிவியலாளர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நல்ல உடல்நலமுள்ள தன்னார்வலர்களைப் படுக்கவைக்கிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரிலும் பிரான்சின் துலூஸ் நகரிலும் இதற்கென ஆய்வகங்கள் உள்ளன. தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்திருக்கும் கட்டிலில் 60 நாள்கள் வரை அவர்கள் படுத்தே இருக்கவேண்டும். உண்பது, குளிப்பது, கழிப்பது எல்லாம் படுத்த நிலையில்தான். விண்வெளி வீரரின் கால் தசைகளில் நிகழும் மாற்றங்கள் இவர்களிடமும் தோன்றுகின்றன. விண்வெளிக்கு மாற்றாக அறிவியலாளர்கள் தேர்ந்தெடுத்திருப்பது, நாம் ஓய்வுக்கு உரியது என்று கருதும் படுக்கையையே.

1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் வைக்கப்பட்டனர். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் பரிசோதித்தனர். இதயமும் நுரையீரலும் தசைகளும் இணைந்து உழைக்கும் உச்சத் திறனை அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமையால் ஏற்பட்டதைவிட, இளமையில் மூன்று வாரம் படுத்திருந்ததால் ஏற்பட்ட சரிவே பெரிதாக இருந்தது.

முதியோரிடம் இழப்பு இன்னும் விரைவானது. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள்கள் படுக்கையில் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. அந்தப் பத்தே நாள்களில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசைத் திசுவை இழந்தனர். முழங்காலை நீட்டும் வலு சுமார் 16 விழுக்காடு குறைந்தது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை. போதிய உணவும் கிடைத்தது.

நோயாளியின் நிலை விண்வெளி வீரரைவிடக் கடினம்

மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவருக்குப் பளு நீங்கியது ஒன்று மட்டும் துன்பமன்று. தொற்றும் அழற்சியும் புரதச் சிதைவை விரைவுபடுத்துகின்றன. சில நோய்களுக்குத் தவிர்க்க இயலாமல் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் தசையை மெலியச் செய்யும். பசி குறைவதால் உணவும் குறைகிறது. முன்னர் கூறிய ஏரியில் வரத்து குறைவதோடு மதகும் அகலத் திறந்துகொள்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகளைப் பற்றி 2013-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு, பத்து நாள்களில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்ததைக் கண்டது.

இந்நிலையிலும் செய்யக்கூடியது உண்டு. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், செயற்கை சுவாசக் கருவியில் இருந்த 104 நோயாளிகள் பங்கேற்றனர். மயக்க மருந்தை நாள்தோறும் சிறிது நேரம் நிறுத்தி, அந்நேரத்தில் தொடக்கத்திலிருந்தே உடலியக்கப் பயிற்சி அளிக்கப்பட்ட குழுவில் 59 விழுக்காட்டினர், மருத்துவமனையைவிட்டுச் செல்லும்போது தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்யும் நிலைக்குத் திரும்பியிருந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் அத்தகையோர் 35 விழுக்காடு.

ஆயினும் இதற்கு அளவு உண்டு. 2022-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் தீவிரமாகவும் பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. இதயத் துடிப்பு மாறுதல், ரத்த அழுத்த மாறுதல் போன்ற இடர்கள் சற்று மிகுந்தன. ஆகவே பயிற்சி என்பது மருந்தைப் போன்றது. அளவறிந்து, நேரமறிந்து கொடுக்கப்படவேண்டும். எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பதை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்வார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

கீழே கூறப்படுபவை பொதுவானவை. எலும்பு முறிவு, அண்மையில் நடந்த அறுவை, கால் நரம்பில் ரத்த உறைவு, இதயக் கோளாறு ஆகியவை உள்ளவர்களுக்கு விதிகள் மாறும். எதையும் தொடங்குமுன் உங்கள் மருத்துவக் குழுவிடம் கேட்டு, அவர்கள் அனுமதித்தவற்றை மட்டும் செய்யுங்கள்.

1. படுத்த நிலையில்: பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலை நீட்டித் தொடைத் தசையை ஐந்து நொடி இறுக்கித் தளர்த்துதல், முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி இடுப்பைச் சற்றே உயர்த்துதல். விழித்திருக்கும் நேரத்தில் அவ்வப்போது பத்துப் பத்து முறையாகச் செய்யலாம்.

2. அமர்தல்: கட்டிலின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு, பாதங்கள் தரையைத் தொடுமாறு அமர்வதே பெரிய முன்னேற்றம். முதுகும் கழுத்தும் உடனே வேலை செய்யத் தொடங்குகின்றன. படுத்த நிலையிலிருந்து நேராக எழுந்து நிற்கவேண்டாம். முதலில் சில நிமிடங்கள் அமர்ந்து, தலைசுற்றல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பிறகு நிற்கவேண்டும்.

3. உட்கார்ந்து எழுதல்: கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, மெதுவாக மீண்டும் அமர்தல். விண்வெளி நிலையத்தில் கருவியின் துணையால் செய்யப்படும் பயிற்சியும் இதுதான். இங்கே உங்கள் உடலின் எடையே கருவி. மெதுவாக அமரும்போது தொடைத் தசை மிகுதியாக உழைக்கிறது. ஆகையால் தொப்பென்று உட்கார வேண்டாம்.

4. நடத்தல்: முதல்நாள் கட்டிலிலிருந்து நாற்காலி வரை, அடுத்த நாள் கழிவறை வரை, பிறகு வராந்தாவின் முனை வரை எனத் தூரம் கூடட்டும். கட்டிலின் சக்கரங்கள் பூட்டப்பட்டுள்ளனவா, டிரிப்ஸ் குழாயும் சிறுநீர்ப் பையும் காலில் சிக்காமல் உள்ளனவா, வழுக்காத காலணி அணிந்துள்ளாரா என்று பார்த்த பின்னரே எழுப்புங்கள். செவிலியரோ இயன்முறை மருத்துவரோ கற்றுத்தரும்வரை நீங்களாகத் தூக்கி நிறுத்த முயலவேண்டாம். பக்கவாதம் வந்தவரைத் தளர்ந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுத்தால் தோள்மூட்டு பாதிக்கப்படும்.

மார்பு வலி, கடும் மூச்சிரைப்பு, தலைசுற்றல், கண் இருளல், படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி அமரச் செய்து செவிலியரை அழையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் தேய்த்துவிடக் கூடாது. அது ரத்த உறைவாக இருக்கலாம்.

உணவு

பயிற்சி தூண்டுதலைத் தரும். தசையைக் கட்டுவதற்குரிய பொருளை உணவே தரவேண்டும். நோயுற்ற முதியோருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது குறைந்தது 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் 200 மில்லிலிட்டர் பாலில் ஏறத்தாழ அதே அளவும் உள்ளன. வெறும் அரிசிக் கஞ்சியும் ரொட்டியும் மட்டும் உண்டால் இந்த அளவை எட்ட இயலாது. கஞ்சியோடு பாசிப்பருப்பு, முட்டை, மீன், தயிர், பனீர், வேகவைத்த சுண்டல் போன்றவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்து கொடுங்கள். சிறுநீரக நோய் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அளவு வேறு. எனவே எங்கள் உணவியல் நிபுணரைக் கேட்ட பின்னரே புரதத்தைக் கூட்டவேண்டும். புரத மாவுகளையும் அவ்வாறே, கேளாமல் வாங்கவேண்டாம்.

உடனிருப்போருக்கு

நோயுற்றவரை அசையவிடாமல் பார்த்துக்கொள்வதே அன்பு என்று நம்மில் பலர் வளர்க்கப்பட்டிருக்கிறோம். வாயில் ஊட்டுகிறோம், முகம் துடைத்துவிடுகிறோம், கழிவறைக்கு எழ முயன்றால் "நீங்கள் படுங்கள்" என்று கலனைக் கொண்டுவருகிறோம். அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். உண்மையிலேயே அசையக் கூடாத நாள்களும் உண்டு; அப்போது நாங்களே கூறுவோம். ஆனால் அந்த நாள்கள் கடந்த பிறகும், அவரால் செய்ய முடிந்த வேலையை நாம் செய்துகொடுத்தால், அவரது தசைக்குக் கிடைக்கவேண்டிய பளுவை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று பொருள். தாமே பல் துலக்கட்டும். சாப்பாட்டுக்கு நாற்காலியில் அமரட்டும். நேரமானாலும் தாமே பிசைந்து உண்ணட்டும். நீங்கள் அருகில் நில்லுங்கள். விழாமல் காப்பது உங்கள் வேலை.

மீண்டும் வலுப்பெறும் காலத்தைப் பற்றியும் உண்மையைக் கூறவேண்டும். இழப்பது விரைவு, திரும்பப் பெறுவது மெதுவாகத்தான் நிகழும். நாசாவின் வீரர்களுக்கு, நலமான உடலும் தனிப் பயிற்சியாளரும் இருந்தும், திரும்பிய பின் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் 45 நாள்கள் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அப்படியானால், எழுபது வயதில் நுரையீரல் தொற்றிலிருந்து மீண்ட ஒருவர் வீட்டுக்குச் சென்ற முதல் வாரத்திலேயே பழையபடி நடக்கவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகலாம். அதற்குள் "இனி இவ்வளவுதான்" என்று முடிவுகட்டிவிடுவதும், அவசரப்பட்டு மாடிப்படி ஏற்றி விழச் செய்வதும் ஒருசேரத் தவிர்க்கவேண்டியவை.

வீட்டுக்குப் புறப்படும் நாளில் மருந்துச் சீட்டை வாங்கும்போதே பயிற்சிச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பயிற்சி, நாளுக்கு எத்தனை முறை, எப்போது கூட்டவேண்டும், எதைச் செய்யக் கூடாது, வாக்கர் எத்தனை நாள் வேண்டும், மீண்டும் எப்போது வந்து காட்டவேண்டும் என்பவற்றை எழுதித் தருவோம். உங்கள் வீட்டில் படிகள் எத்தனை, கழிவறை எத்தகையது, தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் உண்டா என்பவற்றை எங்களிடம் கூறினால் பயிற்சியை அதற்கேற்ப வகுக்க இயலும். இப்போது உள்நோயாளியாக இருப்பவர்களின் குடும்பத்தினர், நாளைக் காலை மருத்துவர் சுற்றுக்கு வரும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: "இன்று இவர் எவ்வளவு நேரம் எழுந்து அமரலாம்?"